காட்பாடி சண்டே இங்கிலீஷ் கிளாஸ் ரிவ்யூ: பீஸ் எவ்ளோ, அது எந்த பீஸ்

மொதல்லயே சொல்லிட்றேன், இது ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் இல்ல. முப்பதே நாள்ல சரளமா பேசலாம்னு பஸ் பின்னாடி ஒட்டியிருப்பாங்களே, அந்த டைப் தேடுறவங்க இதோட நிறுத்திக்கலாம். இங்க ஒரே மாதிரி காதுல விழுற வார்த்தைங்கள பிரிச்சு எழுத மட்டும் தான் சொல்லித் தர்றாங்க, ஞாயித்துக்கெழம காலைல ரெண்டு மணி நேரம், காட்பாடி காந்தி நகர்ல ஒரு வீட்டு மாடி. நடத்துறவங்க கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்து ரிட்டயர் ஆனவங்க, எல்லாரும் மிஸ்ஸுன்னு தான் கூப்புடுறோம், பேரன் எடுத்த ஆளுங்க கூட மிஸ்ஸு தான். பேரு அட்ரஸோட ரிவ்யூ போடட்டுமான்னு கேட்டதுக்கு "வேணாம் நைனா, இருக்குறவங்களுக்கே சேர் பத்தல"ன்னுட்டாங்க, அதனால பேரு இல்லாமலே எழுதறேன், காந்தி நகர்ல விசாரிச்சா யாரும் சொல்லிடுவாங்க.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பாக்குற ஆளு. சரக்கு வாங்குற வெளிநாட்டு பையருக்கு போற மெயில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் என் டேபிள தாண்டித்தான் போகும். அக்கா பொண்ணு பேங்க் எக்ஸாம், மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி எக்ஸாம் ரெண்டுக்கும் படிச்சுகினு இருக்கா, எஸ்எஸ்சியில ஹோமோனிம்னு (ஒரே மாதிரி கேக்குற வார்த்தைங்க) சொல்லி கோடிட்ட எடத்துல எந்த வார்த்தை வரும்னு கேக்குறாங்க, அதுக்காக அவள சேக்கப் போனேன், போன எடத்துல நானும் உக்காந்துட்டேன். அதனால இது ஸ்டூடன்ட் பாக்குற மாதிரியும் இருக்கும், காசு கட்டுறவன் பாக்குற மாதிரியும் இருக்கும்.

இந்த கிளாஸ் ஏன் மத்ததவிட பெட்டர்னு சொல்லணும்னா அந்த பீஸ் மேட்டர்லருந்து தான் ஆரம்பிக்கணும். மிஸ் போர்டுல தமிழ்ல "பீஸ்"னு எழுதிட்டு இது இன்னா வார்த்தைன்னு கேட்டாங்க. ஒருத்தன் ஸ்கூலுக்கு கட்டுறதுன்னான், ஒருத்தன் ஆம்பூர் பிரியாணியில வர்ற லெக் பீஸுன்னான், என் அக்கா பொண்ணு சமாதானம்னா, ஒரு அண்ணன் பச்ச பட்டாணின்னாரு, கடைசி பெஞ்சுலருந்து ஒரு பையன் தேனீன்னான். அஞ்சும் கரெக்ட். இதுல இங்கிலீஷ்காரனுக்கு ஒரே மாதிரி கேக்குறது ரெண்டே ரெண்டு தான், கறி பீஸும் சமாதான பீஸும். மிச்ச மூணும் அவன் காதுக்கு வேற வேற வார்த்தை. நமக்கு தான் அஞ்சும் ஒண்ணா கொட்டிக்குது, ஏன்னா எஃப்பும் பியும் நம்ம பேச்சுல ஒண்ணாயிடுது, வார்த்தை மொதல்ல வர்ற பட்டாணி பி, தேனீ பி ரெண்டுக்கும் நம்ம எழுத்துல ஒரே "ப" தான், கடைசியில வர்ற எஸ்ஸுக்கும் இசட்டுக்கும் நமக்கு ஒரே "ஸ்" தான்.

கடையில கெடைக்குற புக்கு, நெட்டுல வர்ற லிஸ்டு எல்லாத்துக்கும் இருக்குற கோளாறு இது தான்னு எனக்கு அப்ப தான் உறைச்சுது. அதெல்லாம் இங்கிலீஷையே தாய்மொழியா பேசுறவங்க எங்க தடுக்கி விழறாங்களோ அத வெச்சு போட்ட லிஸ்டு. தேர், தேர், தேர்னு மூணு (அங்க, அவங்களோட, அவங்க இருக்காங்க), இட்ஸ் ரெண்டு, யுவர் ரெண்டு, இதெல்லாம் அவங்க சின்ன வயசுலருந்து காதால கேட்டு பேசி, அப்புறம் எழுத கத்துக்குறதால வர்ற தப்பு. நாம மொதல்ல எழுத்தா தான படிக்கறோம், நமக்கு அதுல அவ்ளோ கொழப்பம் வர்றதில்ல. நமக்கு வர்றது ப்ரைஸ், ப்ரைஸ். வெலை ஒண்ணு, பரிசு ஒண்ணு. வெலைக்கு சி வருது, சத்தம் எஸ். பரிசுக்கு இசட் வருது, சத்தமும் இசட். அவங்க லிஸ்டுல இதுக்கு பெருசா எடமே இருக்காது, ஏன்னா அவங்களுக்கு அது ஒரே மாதிரி கேக்கறதே இல்ல. ஹோட்டல் போர்டுல "ஸ்டீம் ரைஸ்"னு எழுதறப்ப சோறு ரைஸுக்கு பதிலா எழுந்திரிக்கிற ரைஸ் போட்றதும் இதே கதை தான். லூஸ் ரெண்டும் அப்டித்தான், தொளதொளன்னு இருக்குற லூஸுக்கு ரெண்டு ஓ, சத்தம் எஸ். தோத்துப்போற லூஸுக்கு ஒரே ஓ, சத்தம் இசட்.

அட்வைஸ் மேட்டர்ல இன்னும் மோசம். எல்லா புக்குலயும் போட்ருக்கும், பெயர்ச்சொல்லா வந்தா சி, வினைச்சொல்லா வந்தா எஸ், சந்தேகம் வந்தா வாய்விட்டு சொல்லிப்பாரு, சத்தமே காட்டிக்கொடுத்துடும்னு. நம்ம ஊர்ல எவனுக்கு காட்டிக்கொடுக்கும்? நாம ரெண்டையும் ஒரே மாதிரி தான சொல்றோம். அதுக்கு மிஸ் பண்றது இன்னான்னா எல்லாரையும் தொண்டைல ரெண்டு வெரல வெக்க சொல்லுவாங்க. எஸ்ஸுன்னு இழுத்தா வெரல்ல ஒண்ணும் தெரியாது, வெறும் காத்து. இசட்ட இழுத்தா தொண்டை அதிரும். மொத நாள் மொத்த கிளாஸும் தொண்டைல கைய வெச்சுகினு வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுகினு இருந்தோம், கீழ வீட்டுக்காரம்மா மேல வந்து எட்டிப் பாத்துட்டு போனாங்க. சிரிப்பா இருந்தாலும் அது வேல செய்யுது. அந்த அதிர்வு ஒரு தடவ புடிபட்டுட்டா அட்வைஸ், டிவைஸ், லூஸ், ப்ரைஸ் எல்லாம் ஒரே சாவியில தொறக்குது. ப்ராக்டிஸும் லைசென்ஸும் மட்டும் சத்தத்துல புடிபடாது, அத அட்வைஸ் போற வழியிலயே ஞாபகம் வெச்சுக்கணும். நம்ம டிரைவிங் லைசென்ஸ் கார்டுல இருக்குறது பெயர்ச்சொல்லு, அதனால சி, பர்ஸ்லருந்து எடுத்து பாத்துக்கங்க.

வி, டபிள்யூ கதையும் இதே தான். கீழ் உதட்ட மேல் பல்லுல தொட்டா வி, உதட்ட குவிச்சா டபிள்யூ, தமிழ்ல ரெண்டுக்கும் "வ" ஒண்ணு தான். வெஸ்ட்னா பனியனா மேற்கா? எங்க லைன்ல வெட் ப்ளூன்னு ஒண்ணு உண்டு, ராணிப்பேட்டை ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் யாருக்கும் சொல்லத் தேவையில்ல, க்ரோம் போட்டு பதப்படுத்துன ஈரத்தோலு, ஒரு மாதிரி நீலமா இருக்கும், அதான் அந்த பேரு. அத வி போட்டு எழுதுனா மாட்டு டாக்டர் ப்ளூ ஆயிடும். கிளாஸ்ல இத நான் சொன்னதும் மிஸ் அப்டியே நோட்டுல எழுதிக்கினாங்க.

அவங்க அப்டி எழுதிக்கிறது தான் இந்த கிளாஸ்ல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். ஹேண்டவுட் இருக்கு, ஆனா பாதி பாடம் வர்றவங்க கொண்டு வர்ற வார்த்தையில தான் ஓடும். அவங்கவங்க வேலைல எந்த வார்த்தை இடிக்குதோ அத கொண்டாரணும். நான் டை கொண்டு போனேன். சாயம் போடுற டை, செத்துப்போற டை. தோலுக்கு ட்ரம்ல போட்டு சாயம் ஏத்தறத ட்ரம் டைடுன்னு எழுதுவோம், அங்க ஒய்க்கு பதிலா ஐ போட்டா ட்ரம் செத்துப்போச்சுன்னு ஜெர்மனிக்காரன் படிப்பான். இதுல கூத்து இன்னான்னா சாகறதுக்கு கடைசியில ஐஎன்ஜி சேத்தா அங்கயும் ஒய் வந்துடும், அதனால சாயத்துக்கு ஐஎன்ஜி போடறப்ப நடுவுல அந்த ஈ-ய எடுக்காம வெச்சுக்கணும், அந்த ஒரு ஈ தான் வித்தியாசம். பெல்ட் யூனிட்லருந்து வர்ற ஒரு தம்பி இடுப்பு சைஸ கொண்டாந்தான், வேஸ்ட்டு, அதுல ஐ விட்டுப்போய் கடைசியில ஈ ஏறிச்சுன்னா குப்பை. ஷூவோட சோல், ஆத்மா சோல். குதிகால் ஹீல், புண்ணு ஆறுற ஹீல். ஜோடி பேர், பேரிக்கா பேர். ஒரு ஷூவ வெச்சே ஒரு மணி நேரம் ஓடிடுச்சு.

இன்னொரு நாள் முழுக்க நர்ஸ் பொண்ணுங்க ராஜ்ஜியம். வேலூர்ல ஆஸ்பத்திரி வேலைல இருக்குறவங்க எத்தன பேருன்னு சொல்லவே வேணாம், அதுல வெளிநாடு போக ஓஇடின்னு ஆஸ்பத்திரி வேலைக்காரங்களுக்கான இங்கிலீஷ் எக்ஸாம் எழுதறவங்க தனி கூட்டம், அந்த எக்ஸாம்ல நோயாளிய வேற எடத்துக்கு அனுப்பற ரெஃபரல் லெட்டர் எழுதணும். பேஷன்ட்ஸ், பேஷன்ஸ் (நோயாளிங்களும் பொறுமையும், ரெண்டுமே அங்க வேணும்) அப்டின்னு லேசா ஆரம்பிச்சு இலியத்துல வந்து நின்னுச்சு. சிறுகுடலோட கடைசி பாகமும் இலியம், இடுப்பெலும்பும் இலியம், சொல்றப்ப ஒரு வித்தியாசமும் கெடையாது, நடுவுல ஒண்ணுக்கு ஈ, ஒண்ணுக்கு ஐ. குடலுக்கு ஈ. முழுங்க முடியாம கஷ்டப்பட்டா டிஸ்ஃபேஜியா, மூளை பாதிப்பால வார்த்தை வராம திணறுனா டிஸ்ஃபேசியா. இதுல தப்பு பண்ணா மார்க் மட்டுமா போவும்?

மருந்து பேருல இது எவ்ளோ சீரியஸ்னு எனக்கு இங்க தான் தெரிஞ்சுது. 2007ல உலக சுகாதார நிறுவனம் நோயாளி பாதுகாப்புக்குன்னு ஒம்போது தீர்வு வெளியிட்டாங்க, அதுல மொதலாவதே பாக்கவும் கேக்கவும் ஒரே மாதிரி இருக்குற மருந்து பேருங்கள பத்தி தான். ஹைட்ரலசின்னா பிரஷர் மருந்து, ஹைட்ராக்சிசின்னா அரிப்பு அலர்ஜிக்கு குடுக்கறது. இந்த மாதிரி ஜோடிகள்ல பேரு எந்த எடத்துல மாறுதோ அந்த எழுத்துங்கள மட்டும் கேபிட்டல்ல போட்டு எழுதற ஒரு மொறை இருக்கு, டால் மேன் எழுத்துன்னு பேரு. ஒரு நர்ஸ் அக்கா போர்டுல எழுதி காட்டுனாங்க. மிஸ் அத பாத்துட்டு அடுத்த வாரத்துலருந்து எல்லா வார்த்தைக்கும் அதே டெக்னிக்க புடிச்சிகினாங்க. அசையாம நிக்கற ஸ்டேஷனரில கடைசி ஏ பெருசு, பேப்பர் பேனா ஸ்டேஷனரில ஈ பெருசு, ப்ரின்சிபல்ல கடைசி ரெண்டு எழுத்து பெருசு. இப்ப எங்க எல்லார் நோட்டும் அப்டித்தான் இருக்கு, மனப்பாடம் பண்றத விட கண்ணுக்கு சட்டுன்னு நிக்குது.

ப்ரின்சிபலுக்கு மிஸ் சொன்ன வழி எனக்கு புடிச்சுது. காலேஜ் தலைவரு, லோன் அசலு, முக்கியமானதுன்னு வர்ற எல்லாத்துக்கும் கடைசியில ஏ-எல். கொள்கை ஒண்ணுக்கு மட்டும் எல்-ஈ. மூணு நாலு அர்த்தத்த தனித்தனியா ஞாபகம் வெக்கறத விட இந்த ஒரு விதிவிலக்க வெச்சுக்கறது ஈஸி. பேங்க் எக்ஸாம் எழுதறவங்களுக்கு அசலும் வட்டியும் எப்பிடியும் கண்ணுல பட்டுகினே இருக்கும்.

பழங்கதையும் நடுவுல வரும், சிலருக்கு இது டைம் வேஸ்டா தெரியலாம், எனக்கு தெரியல. ஸ்டேஷனரி ரெண்டும் ஒரே வேர்லருந்து வந்ததுன்னு எத்தன பேருக்கு தெரியும்? அந்த காலத்துல ஐரோப்பால பெரும்பாலும் ஊர் ஊரா சுத்தி தான் சரக்கு விப்பாங்க, புக்கு பேப்பர் விக்கறவன் மட்டும் ஒரே எடத்துல கடை போட்டு நிப்பான், நிக்கறவன்ங்கறதே அவன் பேரா போச்சு, அவன் வித்த பேப்பர் பேனாக்கு ஈ போட்ட ஸ்டேஷனரி, அசையாம நிக்கறதுக்கு ஏ போட்ட ஸ்டேஷனரி. பூவும் கோதுமை மாவும் கூட ஒரே வார்த்தை தானாம், அரைச்சதுல நல்ல பாகத்த பூவுன்னு சொல்லியிருக்காங்க, 1755ல வந்த சாம்வேல் ஜான்சன் டிக்‌ஷனரில கூட ரெண்டுக்கும் தனி ஸ்பெல்லிங் கெடையாது. குதிரவீரன்னு அர்த்தம் வர்ற நைட்டுல கே எதுக்கு சும்மா நிக்குதுன்னா, ஒரு காலத்துல அந்த கே-ய நெஜமாவே உச்சரிச்சிருக்காங்க, அப்ப ராத்திரியும் குதிரவீரனும் வேற வேற சத்தம். சத்தம் தேஞ்சு போச்சு, எழுத்து நின்னுபோச்சு, கஷ்டம் நமக்கு.

ஹோம் ஒர்க்கு செம. ரோட்ல போறப்ப போர்டு பாத்து தப்பு கண்டுபுடிச்சு கொண்டாரணும், ஆனா கடை பேர் சொல்லக் கூடாது, கண்டிஷன். ஆற்காடு ரோட்டுலருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு நடை நடந்தாலே நோட்டு ரொம்பிடும். பார்க்கிங் அனுமதி இல்லன்றதுக்கு சத்தமா படிக்கற அலவுட் போட்ருப்பாங்க. பேக்கரில ஸ்னாக்ஸுக்கு பதிலா பாம்பு இருக்கும். லாரி பின்னாடி ஏர் பிரேக்குன்னு இருக்கும், ஓடையற பிரேக்கு. வார்டு கவுன்சிலர் போஸ்டர்ல மனநல ஆலோசகர் ஸ்பெல்லிங். இந்த கடைசி ஒண்ணு நம்ம ஊர்ல கண்டிப்பா கொழப்பும், ஏன்னா இன்ஜினியரிங் சீட்டுக்கு போற கவுன்சிலிங்கும் மாநகராட்சி கவுன்சிலரும் தமிழ்ல ஒரே குடும்பம் மாதிரி தெரியுது, இங்கிலீஷ்ல ஒண்ணுல சி, ஒண்ணுல எஸ். மன்றத்துக்கு சி, ஆலோசனைக்கு எஸ்.

போன்ல ஆப் இருக்கறப்ப எதுக்கு கிளாஸுன்னு கேப்பீங்க. சாதா ஸ்பெல் செக் இதுல பிரயோஜனமே இல்ல, டைடுன்னு எந்த டை போட்டாலும் ரெண்டும் டிக்‌ஷனரில இருக்குற வார்த்தை, செவப்பு கோடு விழாது. இப்ப வர்ற கிராமர் பாக்குற ஆப்புங்க வாக்கியத்த பாத்து ஓரளவு புடிக்குது, ஒத்துக்கறேன். ஆனா இன்வாய்ஸ்ல ஏது வாக்கியம், ரெண்டு வார்த்தை தான் இருக்கும். அப்புறம் வெளிநாடு போக எழுதற ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் எக்ஸாம்ல, லிசனிங்ல நாப்பது கேள்வி, ஆடியோ ஒரே தடவ தான் ஓடும், ஸ்பெல்லிங் தப்புன்னா மார்க்கு போச்சு, அங்க ஆப்பு எங்கருந்து வரும். போன்ல ஆர்டர் எடுக்கறவங்களுக்கு பிஃப்டீன், பிஃப்டி கொழப்பத்துக்கும் இங்க மருந்து இருக்கு, பதினஞ்சுன்னா பின்பாதிய அழுத்தணும், அம்பதுன்னா முன்பாதிய அழுத்தணும், அதுக்கும் மேல சந்தேகம்னா ஒன் ஃபைவ், ஃபைவ் ஜீரோன்னு பிரிச்சு சொல்லிடணும். எங்க டிஸ்பேட்ச்ல இத இப்ப எல்லாரும் ஃபாலோ பண்றாங்க.

கொறைன்னு பாத்தா இருக்கு. மொதல்ல வெயில். மேல சிமெண்ட் ஷீட்டு, ரெண்டு ஃபேன், வேலூர் வெயில பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல, சித்திரை வைகாசில பத்து மணிக்கு மேல மூளை எதையும் வாங்காது. கிளாஸ ஏழு மணிக்கு மாத்துங்கன்னு எல்லாரும் கேட்டுப் பாத்தாச்சு, சண்டே ஏழு மணிக்கு எவன் வருவான்னு அவங்க கேக்கறதும் நியாயம் தான். ஹேண்டவுட் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போய் கெடக்கு, ஏவும் ஈயும் ஒரே மாதிரி தெரியுது, எந்த கிளாஸ்ல இது நடக்கக் கூடாதோ அந்த கிளாஸ்ல. ஒரு வாரம் விட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க, ரெக்கார்டு பண்ணவும் விட மாட்டாங்க.

பெரிய கொறை ஒண்ணு, மிஸ் சுத்தமான பிரிட்டிஷ் கட்சி. அமெரிக்கா ஸ்பெல்லிங்குன்னு ஆரம்பிச்சாலே மூஞ்சி மாறிடும். ஆனா விஐடில படிச்சுட்டு அமெரிக்க கம்பெனிக்கு போற பசங்களுக்கு அது தேவைப்படுதே. அங்க ப்ராக்டிஸ் ரெண்டுக்கும் சி, லைசென்ஸ் ரெண்டுக்கும் எஸ், பேங்க் செக்கும் சரிபாக்கற செக்கும் ஒரே ஸ்பெல்லிங், வண்டி டயரும் களைச்சுப்போற டயரும் ஒரே ஸ்பெல்லிங், மாடியும் கதையும் கூட ஒண்ணு தான். நாம இங்க ஒக்காந்து மல்லு கட்டுற பாதி ஜோடி அந்த ஊர்ல ஜோடியே கெடையாது. ஒரு பையன் இத கேட்டதுக்கு "அங்க போனப்புறம் அங்க கத்துக்கோ கண்ணு"ன்னு முடிச்சுட்டாங்க. இது எனக்கு சரியா படல, ஒரு ஹேண்டவுட் ஓரத்துல ரெண்டு வரி போட்டா போதும்.

பீஸு (கட்டுற பீஸு) மாசம் ஐநூறு ரூபா, ஒரே வீட்லருந்து ரெண்டு பேர் போனா ரெண்டாவது ஆளுக்கு பாதி. இதுக்கு முன்னாடி அக்கா பொண்ண ஒரு பெரிய கோச்சிங் சென்டர்ல போட்ருந்தோம், ஏசி ரூம், வழவழ புக்கு, இத மாதிரி பல மடங்கு காசு, அங்க இந்த டாபிக்க ஒரே நாள்ல லிஸ்டா படிச்சுட்டு தாண்டிட்டாங்க, மனப்பாடம் பண்ணிக்கன்னுட்டாங்க. அந்த லிஸ்டுல ப்ரைஸும் இல்ல, ரைஸும் இல்ல.

யாருக்கு ஒத்து வரும்னா ஆபீஸ்ல இங்கிலீஷ்ல மெயில் எழுதறவங்க, நர்ஸுங்க, எஸ்எஸ்சி பசங்க, போர்டு டிசைன் பண்ற டிடிபி கடைக்காரங்க (இவங்களுக்கு கட்டாயம்னு சட்டமே போடலாம்). பேச்சு வரணும், கூச்சம் போகணும்னு போறவங்களுக்கு ஒத்து வராது, அங்க யாரும் உங்கள எழுப்பி நாலு வார்த்தை பேச சொல்ல மாட்டாங்க, தொண்டைல கை வெக்கத்தான் சொல்லுவாங்க. பத்தாவதுக்கு கீழ படிக்குற புள்ளைங்கள சேக்கறதில்ல, கேட்டு பாத்துட்டு போங்க.

புது ஆளுங்கள மாசம் மொத ஞாயிறு மட்டும் தான் சேக்கறாங்க, நடுவுல போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. டபுள் ரூல் நோட்டு ஒண்ணு, ரெண்டு கலர் பேனா, தண்ணி பாட்டில் எடுத்துட்டு போங்க. சந்து குறுகலு, பைக்க உள்ள விட்டா எதிர் வீட்டுக்காரர் கேட்ட தொறக்க முடியாம சத்தம் போட்றாரு, மெயின் ரோட்லயே ஓரமா போட்டுட்டு நடந்துடுங்க. லேட்டா போனா உள்ள விடுவாங்க, ஆனா போர்டுக்கு முன்னாடி நிக்க வெச்சு அன்னிக்கு வார்த்தைய உங்கள தான் மொதல்ல கேப்பாங்க.